வீடு திரும்பிய பிள்ளையும் வீட்டிலேயே இருந்த பிள்ளையும்

நீண்ட பதிவு. டீயைக் குடித்துவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த மாணவர் ஒருவர் போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தார். இப்போது அவருக்கே தலை நரைத்துவிட்டது. பேச்சு எங்கெங்கோ போய்ப் பாட்டில் வந்து நின்றது. அப்போது கேட்டார்: "சார், ஒரு இசைக்குழு புதுசா ஏதாவது செஞ்சா ‘பழைய மாதிரி இல்லையே’ன்னு திட்டுறாங்க. பழசுக்கே திரும்பிப் போனா ‘சரக்கு தீந்துபோச்சு’ன்னு திட்டுறாங்க. கேக்குறவங்களுக்கு என்னதான் சார் வேணும்?"

அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. "யோசித்துச் சொல்கிறேன்" என்று அனுப்பிவிட்டேன். பணியில் இருந்த முப்பத்து நாலு வருடமும் இந்த "யோசித்துச் சொல்கிறேன்" எனக்குக் கைகொடுத்தது. ஆனால் சொல்லிவிட்டு மறந்ததில்லை. இதோ பதில்.

நான் இடைநிலை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆசிரியர் பயிற்சிப் பட்டயம்தான் என் படிப்பு. இசை இலக்கணம் படித்தவன் இல்லை. ஆனால் வரலாறு பிடிக்கும். அதனால் இந்தக் கேள்வியை வரலாற்றுப் பாடமாக எடுத்துக்கொள்கிறேன். எடுத்துக்காட்டு: இங்கிலாந்தின் ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் இசைக்குழு, 1968ஆம் ஆண்டு.

‘இவருக்கும் ரோலிங் ஸ்டோன்ஸுக்கும் என்ன சம்பந்தம்?’ என்று சிலர் சிரிப்பது தெரிகிறது. 1983இல் என் நண்பரின் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து ஒரு டூ-இன்-ஒன் கொண்டுவந்தார். அதோடு நான்கைந்து ஆங்கிலக் கேசட்டுகளும் வந்தன. அதில் ஒன்று இவர்களுடையது. "என்னடா, கிணற்றில் வாளி விழுந்த மாதிரி சத்தம்!" என்று சொன்னேன். அதன் பிறகு முப்பது வருடத்துக்கு மேல் அந்தப் பக்கமே போகவில்லை. 2016 கடைசியில் என் மகன் ஊருக்கு வந்தபோது ஒரு பாட்டுத் தொகுப்பைப் போட்டுவிட்டு, "அப்பா, இவங்களுக்கு எழுபது வயசுக்கு மேல" என்றான். அதைக் கேட்டுத்தான் உட்கார்ந்தேன். பிறகு பின்னோக்கிப் படித்துக்கொண்டே போனேன்.

1. வீடு எது?

‘வீடு திரும்பினார்கள்’ என்று சொல்வதற்கு முன் வீடு எது என்று தெரிய வேண்டும்.

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்துப் பருத்திக் காடுகளில் உழைத்த கறுப்பின மக்களிடம் பிறந்தது ‘புளூஸ்’ என்னும் இசை. ஒரு கித்தார், ஒரு குரல், மனதில் உள்ள பாரம். அங்கே பிழைக்க வழியில்லாமல் லட்சக்கணக்கான கறுப்பின மக்கள் வடக்கே சிகாகோ, டெட்ராய்ட் போன்ற ஆலை நகரங்களுக்கு ரயில் ஏறினார்கள். இசையும் கூடவே போனது. மடி வாட்டர்ஸ் என்ற பாடகரைப் பருத்தித் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே, 1941இல், நாட்டுப்புற இசை சேகரிக்க வந்த ஆலன் லோமாக்ஸ் பதிவு செய்தார். 1943இல் மடி வாட்டர்ஸ் சிகாகோவுக்குப் போய்விட்டார். நகரத்து மதுக்கடைச் சத்தத்தில் சாதாரணக் கித்தார் காதில் விழாது. அதனால் மின்சாரக் கித்தாரைக் கையில் எடுத்தார். செஸ் ரெக்கார்ட்ஸ் என்ற நிறுவனம் அவருடைய பாட்டுகளை இசைத்தட்டாக வெளியிட்டது. போலந்திலிருந்து குடியேறிய இரு யூதச் சகோதரர்கள் நடத்திய நிறுவனம் அது.

இனி கடல் தாண்டி இங்கிலாந்து. லண்டனுக்குப் பக்கத்தில் டார்ட்ஃபோர்ட் என்ற ஊர். அங்கே ஒரே தொடக்கப்பள்ளியில் படித்த இரண்டு பையன்கள் மிக் ஜாகர், கீத் ரிச்சர்ட்ஸ். (தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும்!) பிறகு தொடர்பு விட்டுப்போனது. 1961 அக்டோபரில் டார்ட்ஃபோர்ட் ரயில் நிலையத்தில் திரும்பச் சந்தித்தார்கள். ஜாகரின் கையில் இசைத்தட்டுகள். அவற்றில் சக் பெர்ரியும் மடி வாட்டர்ஸும் இருந்தார்கள். அந்தத் தட்டுகளைப் பார்த்துத்தான் நட்பு மறுபடி ஒட்டியது.

இவர்களை ஒரு குழுவாகச் சேர்த்தவர் பிரையன் ஜோன்ஸ். புளூஸ் பைத்தியம். குழுவுக்குப் பெயர் கேட்டு ஒரு பத்திரிகையிலிருந்து தொலைபேசியில் கேட்டபோது, தரையில் கிடந்த மடி வாட்டர்ஸ் தட்டில் இருந்த ஒரு பாட்டின் பெயரைப் பார்த்துச் சொன்னதாக கீத் ரிச்சர்ட்ஸ் சொல்லியிருக்கிறார். 1962 ஜூலையில் லண்டன் மார்க்கீ கிளப்பில் முதல் கச்சேரி. 1964இல் வந்த முதல் இசைத்தட்டில் பெரும்பாலும் அடுத்தவர் பாட்டுகள்தான். அந்த வருட ஜூன் மாதமே சிகாகோ போய் செஸ் ஸ்டுடியோவில் ஒலிப்பதிவு செய்தார்கள். பக்தர்கள் கோயிலுக்குப் போன மாதிரி.

அன்றைக்கு மடி வாட்டர்ஸ் அங்கே கூரைக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்ததாக கீத் ரிச்சர்ட்ஸ் பல முறை சொல்லியிருக்கிறார். செஸ் குடும்பத்தார் அதை மறுத்திருக்கிறார்கள். எது உண்மையோ! ஆனால் அந்தக் கதை இத்தனை வருடம் நிலைத்து நிற்பதற்குக் காரணம் உண்டு. யாருடைய பாட்டு, யாருக்குப் பணம் என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஒன்றை அவர்கள் கணக்கில் எழுத வேண்டும். 1965இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றுக்கு அழைத்தபோது, ஹவ்லின் உல்ஃப் என்ற மூத்த புளூஸ் பாடகரையும் மேடையேற்ற வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். அவர் பாடும்போது காலடியில் உட்கார்ந்து கேட்டார்கள். அந்த நாட்டுப் பாடகரை அந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு வெளிநாட்டுப் பையன்கள் அறிமுகம் செய்ய வேண்டியிருந்தது.

2. வீட்டை விட்டுப் போன வருடம்

1967. பீட்டில்ஸ் ஜூன் மாதத்தில் ‘சார்ஜன்ட் பெப்பர்’ வெளியிட்டார்கள். ஸ்டுடியோவில் மாயாஜாலம் செய்த தொகுப்பு. அதன் பிறகு எல்லாக் குழுக்களுக்கும் அதே மாதிரி செய்ய வேண்டும் என்ற ஆசை வந்தது. ஒரு பிள்ளை சார்ட் பேப்பரில் மினுமினுப்பு ஒட்டினால் மறுநாள் வகுப்பு முழுக்க மினுமினுப்பாக இருக்கும். அது போலத்தான்.

ரோலிங் ஸ்டோன்ஸுக்கு அந்த வருடம் சோதனையான வருடம். பிப்ரவரியில் கீத் ரிச்சர்ட்ஸின் வீட்டில் போதைப்பொருள் சோதனை, பிறகு வழக்கு. வேறொரு வழக்கில் பிரையன் ஜோன்ஸும் சிக்கினார். தயாரிப்பாளரும் மேலாளருமான ஆண்ட்ரூ லூக் ஓல்டம் பாதியில் விலகிவிட்டார். தயாரிப்பாளர் இல்லாமல் தாங்களே செய்து முடித்து டிசம்பரில் வெளியிட்ட தொகுப்புதான் ‘தெயர் சாத்தானிக் மெஜஸ்டீஸ் ரிக்வெஸ்ட்’. பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டில் ராணியின் பெயரால் வரும் வாசகத்தைக் கிண்டல் செய்த தலைப்பு. அட்டையில் சாய்த்துப் பார்த்தால் அசையும் முப்பரிமாணப் படம். ‘சார்ஜன்ட் பெப்பர்’ அட்டையைப் படம் பிடித்த மைக்கேல் கூப்பரே இதையும் எடுத்தார். உள்ளே புளூஸைத் தேட வேண்டும். மெலோட்ரான் என்ற கட்டைப்பெட்டி வாத்தியமும் விண்வெளிச் சத்தங்களும்தான்.

கேட்டவர்கள் என்ன சொன்னார்கள்? ‘பீட்டில்ஸைப் பார்த்துக் காப்பி’ என்பதுதான் பொதுவான பேச்சு. தாங்கள் எதைச் செய்தாலும் கொஞ்ச நாளில் ஸ்டோன்ஸும் அதையே செய்கிறார்கள் என்று ஜான் லெனனே பின்னர் ஒரு பேட்டியில் குத்தலாகச் சொன்னார். அப்போதுதான் ஆரம்பித்திருந்த ‘ரோலிங் ஸ்டோன்’ பத்திரிகையும் கடுமையாக எழுதியது.

ஆனால் விற்பனைப் பட்டியலைப் பாருங்கள். இந்தத் தொகுப்பு பிரிட்டனில் 3ஆம் இடம், அமெரிக்காவில் 2ஆம் இடம். வாங்கினார்கள், திட்டினார்கள். இன்னொரு கூட்டம் அன்றும் அதை விரும்பியது, இன்றும் விரும்புகிறது. ‘ஷீ ஈஸ் எ ரெயின்போ’ கேட்டால் அவர்கள் பக்கமும் நியாயம் இருப்பது புரியும். அழகான பியானோ. வழி தவறிப் போன இடத்திலும் பூ இருக்கும்.

3. திரும்பி வந்த வருடம்

1968இல் ஜிம்மி மில்லர் என்ற அமெரிக்கரைத் தயாரிப்பாளராக வைத்தார்கள். மே மாதம் ‘ஜம்பிங் ஜாக் ஃப்ளாஷ்’ வந்தது. பிரிட்டனில் முதலிடம். டிசம்பர் 6ஆம் தேதி ‘பெக்கர்ஸ் பேங்க்வெட்’, அதாவது பிச்சைக்காரர் விருந்து, வெளிவந்தது. சாதாரணக் கித்தார், சறுக்குக் கித்தார், ஹார்மோனிகா, நாட்டுப்புறச் சாயல். முதலில் தயாரித்த அட்டையில் கிறுக்கல் நிறைந்த கழிப்பறைச் சுவர் இருந்தது. டெக்கா நிறுவனம் ஒப்புக்கொள்ளவில்லை. பல மாதம் இழுபறி. கடைசியில் வெறும் அழைப்பிதழ் போன்ற வெள்ளை அட்டையோடு வந்தது.

இது ஒரு குழுவின் கதை மட்டும் இல்லை. பாப் டிலன் 1967 டிசம்பர் கடைசியில் ஆரவாரமில்லாத ‘ஜான் வெஸ்லி ஹார்டிங்’ வெளியிட்டார். 1968 ஜூலையில் ‘தி பேண்ட்’ குழுவின் முதல் தொகுப்பு. டிசம்பரில் எல்விஸ் பிரெஸ்லி தொலைக்காட்சியில் தோல் சட்டைக் கோலத்தில் திரும்பி வந்தார். 1969 ஜனவரியில் பீட்டில்ஸே மாயாஜாலத்தை விட்டுவிட்டு நேராக வாசிக்க உட்கார்ந்து, மாடியில் ஏறிக் கச்சேரி செய்து முடித்தார்கள். தெருவில் போர் எதிர்ப்புக் கலவரம், மார்ட்டின் லூதர் கிங் கொலை, ராபர்ட் கென்னடி கொலை. அப்படிப்பட்ட வருடத்தில் விண்வெளிச் சத்தம் எடுபடவில்லை. மண் தரை தேவைப்பட்டது. இது என் கருத்து.

எல்லாருக்கும் வரவேற்பு கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ‘பேர்ட்ஸ்’ என்ற அமெரிக்க ராக் குழு 1968 மார்ச்சில் நாட்டுப்புற ‘கன்ட்ரி’ இசையின் தலைமைக் கோயிலான நாஷ்வில் கிராண்ட் ஓல் ஓப்ரி மேடைக்குப் போனது. முடி வளர்த்த பையன்களைப் பார்த்து அங்கிருந்தவர்கள் கூச்சல் போட்டார்கள். ஆகஸ்டில் வந்த அவர்களுடைய கன்ட்ரி தொகுப்பை ராக் ரசிகர்களும் வாங்கவில்லை. அமெரிக்கப் பட்டியலில் 77ஆம் இடத்தோடு நின்றது. மாமியார் வீட்டிலும் சாப்பாடு இல்லை, தாய் வீட்டிலும் இலை எடுத்தாயிற்று. இன்றைக்கு அதே தொகுப்பைத்தான் ‘கன்ட்ரி ராக்’ இசையின் ஆரம்பப் பாடம் என்கிறார்கள்.

ரோலிங் ஸ்டோன்ஸுக்கு அந்தச் சோதனை வரவில்லை. ‘ரோலிங் ஸ்டோன்’ பத்திரிகை, தொகுப்பு கடைக்கு வருவதற்கு முன்பே, மீண்டு வந்துவிட்டார்கள் என்று கொண்டாடி எழுதியது. ஆனாலும் பட்டியல்? பிரிட்டனில் 3, அமெரிக்காவில் 5. திட்டு வாங்கிய தொகுப்பைவிட அமெரிக்காவில் மூன்று இடம் கீழே! மதிப்பெண் பட்டியலை மட்டும் பார்த்துப் பிள்ளையை எடை போடாதீர்கள் என்று பெற்றோர் கூட்டத்தில் கத்திக் கத்திச் சொல்வேன். இங்கேயும் அதேதான்.

4. திரும்பி வந்தவன் வெறுங்கையோடு வரவில்லை

‘பழைய ஒலிக்குத் திரும்பினார்கள்’ என்று சொல்கிறோமே, அந்தத் தொகுப்பைக் கவனித்துக் கேளுங்கள்.

‘ஸ்ட்ரீட் ஃபைட்டிங் மேன்’ பாட்டில் பிரையன் ஜோன்ஸ் வாசிப்பது சித்தாரும் தம்புராவும். கடைசியில் கேட்கும் ஊதல் நம் நாட்டு ஷெனாய். வாசித்தவர் டேவ் மேசன். ‘ஃபேக்டரி கேர்ள்’ என்ற கிராமியப் பாட்டில் சார்லி வாட்ஸ் தபேலாவைக் குச்சியால் தட்டுகிறார். செய்யக்கூடாத காரியம்தான் என்று அவரே பின்னால் ஒப்புக்கொண்டார். தபேலா வித்வான்கள் கேட்டால் கையிலிருந்து குச்சியைப் பிடுங்கியிருப்பார்கள்.

அந்தக் கரடுமுரடான கித்தார்ச் சத்தம் எப்படி வந்தது தெரியுமா? கீத் ரிச்சர்ட்ஸ் சாதாரணக் கித்தாரை ஒரு சின்ன பிலிப்ஸ் கேசட் ரெக்கார்டரில், அது தாங்காத அளவுக்குச் சத்தமாகப் பதிவு செய்தார். பிறகு அதை ஒலிபெருக்கியில் ஓடவிட்டு ஸ்டுடியோ டேப்பில் ஏற்றினார். கேசட் ரெக்கார்டர் அன்றைக்குப் புத்தம்புதுப் பொருள். மண்வாசனை என்று உலகமே மோந்து பார்த்த சத்தம் ஒரு புது இயந்திரத்துக்குள்ளிருந்து வந்தது! நான் 1983இல் ‘கிணற்றில் வாளி விழுந்த மாதிரி’ என்று சொன்னது இந்தச் சத்தத்தைத்தான். கேசட்டில் பிறந்ததைக் கேசட்டில் கேட்டும் எனக்குப் புரியவில்லை.

ஆகவே யாரும் புறப்பட்ட இடத்துக்கே அப்படியே திரும்புவதில்லை. போன ஊரில் வாங்கிய பொருளெல்லாம் மூட்டையில் இருக்கும்.

இன்னொரு சோகமும் உண்டு. ‘நோ எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ பாட்டில் சறுக்குக் கித்தார் வாசிப்பவர் பிரையன் ஜோன்ஸ். புளூஸ்தான் வேண்டும் என்று குழுவைக் கூட்டியவர். குழு அவருடைய வீட்டுக்குத் திரும்பிய நேரத்தில் அவர் போதையிலும் உடல்நலக் குறைவிலும் வெளியே போய்க்கொண்டிருந்தார். அவர் முழு மனதோடு ஈடுபட்டு வாசித்ததாகத் தனக்கு நினைவிருக்கும் கடைசிப் பாட்டு அதுதான் என்ற பொருளில் ஜாகர் சொல்லியிருக்கிறார். 1969 ஜூனில் குழுவிலிருந்து விலக்கப்பட்டார். ஜூலை 3ஆம் தேதி நீச்சல் குளத்தில் இறந்து கிடந்தார். வயது 27.

5. மூத்த பிள்ளை

இந்தத் தொகுப்பில் ‘ப்ராடிகல் சன்’ என்று ஒரு பாட்டு. பைபிளில் லூக்கா 15ஆம் அதிகாரத்தில் வரும் கெட்டகுமாரன் கதை. சொத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு போய் அழித்துவிட்டு, பன்றி மேய்த்து, வெட்கத்தோடு வீடு திரும்புகிறான் இளையவன். அப்பா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு விருந்து வைக்கிறார். வயலிலிருந்து வந்த மூத்தவன் கோபத்தோடு வாசலிலேயே நிற்கிறான். ‘இத்தனை வருடம் உங்களோடு இருந்து உழைத்த எனக்கு ஒரு ஆட்டுக்குட்டி கூடக் கொடுக்கவில்லையே’ என்பது அவன் கேள்வி.

பத்திரிகைகளும் ரசிகர்களும் அந்த அப்பா மாதிரி ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார்கள். சரி, மூத்த பிள்ளை யார்? வீட்டை விட்டே போகாத புளூஸ்காரர்கள்.

அந்தப் பாட்டை எழுதியவர் ராபர்ட் வில்கின்ஸ். 1896இல் மிசிசிப்பியில் பிறந்து மெம்பிஸ் நகரில் பாடியவர். 1928இல் அவர் பதிவு செய்த ஒரு பாட்டின் பெயரே ‘ரோலிங் ஸ்டோன்’! 1929இல் இந்த மெட்டை வேறு வரிகளோடு பதிவு செய்தார். 1930களில் புளூஸை விட்டுவிட்டு மத போதகரானார். 1964இல் ஆர்வலர்கள் அவரைத் தேடிக் கண்டுபிடித்தபோது, பழைய மெட்டில் பைபிள் கதையைப் பாடிக்கொடுத்தார். அதைத்தான் ரோலிங் ஸ்டோன்ஸ் எடுத்துப் பாடினார்கள். ஆனால் முதலில் வந்த பிரதிகளில் அவர் பெயர் இல்லை. பாட்டு ஜாகர், ரிச்சர்ட்ஸ் பெயரில் இருந்தது. அட்டையை மாற்றிய குழப்பத்தில் விடுபட்டது என்று ஒரு விளக்கம் உண்டு. பிறகு வந்த பிரதிகளில் அவர் பெயர் சேர்ந்தது. 1987 வரை வாழ்ந்தார்.

அடுத்த வருடத் தொகுப்பில் ‘லவ் இன் வெய்ன்’. எழுதியவர் 1938இல் 27 வயதில் இறந்துபோன ராபர்ட் ஜான்சன். அங்கேயும் தட்டில் அவர் பெயர் வரவில்லை. இது கடைசியில் நீதிமன்றம் வரை போய், 2000இல்தான் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பாட்டு பொதுச்சொத்தாகிவிடவில்லை, உரிமை உண்டு என்று தீர்ப்புச் சொன்னது.

மடி வாட்டர்ஸுக்கு நடந்ததைக் கேளுங்கள். 1958இல் அவர் மின்சாரக் கித்தாரோடு இங்கிலாந்து போனபோது, ‘இவ்வளவு சத்தமா? கிராமத்துப் புளூஸ் எங்கே?’ என்று சிலர் முகம் சுளித்தார்கள். அதை நினைவில் வைத்து 1963இல் சாதாரணக் கித்தாரோடு போனார். அதற்குள் பையன்களெல்லாம் மின்சாரக் கித்தாருக்கு மாறியிருந்தார்கள். ‘மின்சாரக் கித்தார் எங்கே?’ என்று கேட்டார்கள். பாவம் மனிதர்!

1968 அக்டோபரில், ரோலிங் ஸ்டோன்ஸ் வீடு திரும்பிக்கொண்டிருந்த அதே நேரத்தில், செஸ் நிறுவனம் மடி வாட்டர்ஸை வீட்டை விட்டு வெளியே அனுப்பியது. ‘எலெக்ட்ரிக் மட்’ என்ற தொகுப்பு. இளைஞர்களைப் பிடிக்க வேண்டும் என்று மாயாஜாலச் சத்தத்தோடு அவரைப் பாட வைத்தார்கள். அதில் ஒரு பாட்டு ரோலிங் ஸ்டோன்ஸுடைய பாட்டு! குருவைச் சீடனின் பாட்டைப் பாட வைத்த கதை. தனக்கு அது பிடிக்கவில்லை என்று அவர் பின்னால் வெளிப்படையாகவே சொன்னார். 1977இல் ஜானி விண்டர் தயாரிப்பில் ‘ஹார்ட் அகெய்ன்’ என்று தன் சொந்த ஒலிக்குத் திரும்பினார். கிராமி விருது கிடைத்தது. 1981 நவம்பரில் சிகாகோவில் ஒரு சின்ன கிளப்பில் மடி வாட்டர்ஸ் பாடும்போது ரோலிங் ஸ்டோன்ஸ் போய் அவரோடு மேடையேறினார்கள். 1983இல் அவர் காலமானார். நான் அந்தக் கேசட்டைக் கேலி செய்த அதே வருடம்.

6. எழுபது வயதில் மறுபடி

2015 டிசம்பரில் புதுப்பாட்டுகள் செய்ய லண்டனில் ஒரு ஸ்டுடியோவில் கூடினார்கள். கை பழகட்டும் என்று பழைய புளூஸ் ஒன்றை வாசித்தார்கள். நன்றாக வந்தது. மூன்றே நாளில் பன்னிரண்டு பாட்டுகள். ஒன்றுகூடச் சொந்தப் பாட்டு இல்லை. நான்கு பாட்டு லிட்டில் வால்டர் பாடியவை. 2016 டிசம்பரில் ‘புளூ அண்ட் லோன்சம்’ என்று வந்தது. பிரிட்டனில் முதலிடம், பிறகு கிராமி விருது. மகன் எனக்குப் போட்டுக்காட்டியது இதுதான்.

இப்போதும் கருத்துகள் இரண்டாகத்தான் பிரிந்தன. ‘இத்தனை வருடத்தில் இதுதான் உண்மையான ஸ்டோன்ஸ்’ என்றது ஒரு பக்கம். ‘பணக்காரக் கிழவர்கள் ஏழைகளின் சோகத்தைப் பாடுகிறார்கள்’ என்றது இன்னொரு பக்கம். எனக்குத் தோன்றியது வேறு. இருபது வயதில் அந்தப் பையன்கள் கிழவர்களின் பாட்டைப் பாடினார்கள். இப்போதுதான் குரல் பாட்டின் வயதுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இந்த முறை அட்டையில் எழுதியவர் பெயர்கள் சரியாக இருந்தன.

7. என் கணக்கு

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் ராபர்ட் வில்கின்ஸ் கதையைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் சொல்கிறேன்.

1994. எங்கள் ஒன்றியத் தொடக்கப்பள்ளி ஆண்டு விழா. மரம் நடுவதைப் பற்றிப் பிள்ளைகள் பாட ஒரு பாட்டு வேண்டும். மெட்டு வரவில்லை. சத்துணவுக் கூடத்தில் சமையல் அம்மா கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே நடவுப் பாட்டு ஒன்றை முணுமுணுப்பார். நான் வாசலில் நின்று இரண்டு மூன்று நாள் கேட்டேன். "இன்னொரு தடவ பாடுங்கம்மா" என்றேன். "இதப் போயி கேக்குறீங்களே சார்" என்று வெட்கப்பட்டுக்கொண்டே பாடினார். அந்த மெட்டில் என் வரிகளைப் போட்டேன். ஒன்றிய அளவிலான போட்டியில் முதல் பரிசு. விழா மலரில் அச்சானது: ‘பாடலும் மெட்டும்’ என்று போட்டு, பக்கத்தில் என் பெயர்.

மெய்ப்பு பார்த்தது நான்தான். ஒரு சொல்லை அடித்து அவர் பெயரை எழுத ஒரு நிமிடம் ஆகியிருக்காது. எழுதவில்லை. ‘நடவுப் பாட்டு ஊருக்குப் பொது, அவர் மட்டும் இயற்றியதா என்ன?’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. மலரில் என் படத்தைப் பார்த்து "நல்லா வந்திருக்கு சார்" என்று சந்தோஷப்பட்டு ஒரு கை சுண்டல் கொடுத்தார். வாங்கித் தின்றேன்.

அவர் இறந்து பல வருடம் ஆகிறது. போன வாரம் அவருடைய பேத்தியின் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினேன். முழுவதும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அந்தப் பாட்டு எங்களுக்கும் தெரியும் சார். பாட்டி எங்களத் தூங்க வெக்கும்போது பாடும்" என்றது அந்தப் பெண். பெயரை எழுதலாமா என்று கேட்டேன். "வீட்ல கேட்டுச் சொல்றேன் சார்" என்றது. அதனால்தான் இங்கே பெயர் இல்லை. சம்மதம் கிடைத்த அன்றே அவர் பெயரைத் தலைப்பில் போட்டுத் தனிப் பதிவு எழுதுவேன். என்னிடம் இருக்கும் மலரில் ‘மெட்டும்’ என்பதைப் பேனாவால் அடித்துவிட்டேன். அது ஒரு பிரதிதான். மற்றப் பிரதிகள் யார் வீட்டுப் பரணில் கிடக்கின்றனவோ.

இப்போது என் மாணவருக்குப் பதில். தம்பி, கேட்கிறவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டீர்கள். ஒருவருக்குப் புதுமை வேண்டும், ஒருவருக்குப் பழைய வாசனை வேண்டும், நேற்று அதைக் கேட்டவரே இன்று இதைக் கேட்பார். மடி வாட்டர்ஸே அதைச் சமாளிக்க முடியாமல் திண்டாடினார். பாடுகிறவர் அதற்குப் பின்னால் ஓட வேண்டியதில்லை. போகட்டும், திரும்பட்டும், ஷெனாயோடு வரட்டும், தபேலாவைக் குச்சியால்கூடத் தட்டட்டும். வீட்டுக்கு வந்தால் விருந்தும் வைப்போம். ஆனால் சாப்பிட உட்காரும் முன், இந்த வீட்டில் உலை வைத்தது யார் என்று பெயர் சொல்லிவிட்டு உட்கார வேண்டும்.

அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. ஆண்டுகளிலோ பெயர்களிலோ பிழை இருந்தால் சுட்டிக்காட்டுங்கள், திருத்திக்கொள்கிறேன். திருத்துவதற்கு வயது ஒரு தடையில்லை என்று இந்த வாரம்தான் கற்றுக்கொண்டேன்.